இரண்டு புள்ளி வைத்த சாவி

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் கடிதம் பெண்கள் உதவி மையத்துக்கு வந்து, மையத்து அக்கா அதை என் கையில் கொடுத்தார். பதில் எழுதலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "எழுது. அப்பாவுக்குப் பொண்ணு எழுதக்கூடாதுன்னு கோர்ட்டுகூட சொல்லலை. ஆனா நான் எத்தனை மணிக்குப் போறேன், எப்ப வரேன், அதை மட்டும் எழுதாத" என்றாள். அதனால் அதெல்லாம் இதில் இருக்காது. நீங்களும் மையத்தின் முகவரிக்கே எழுதுங்கள்.

போனில் பேசலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நேரிலேயே பேச வராது, போனில் எங்கே வரும்? தாளில் என்றால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு நல்ல செய்தி. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பூட்டுக் கடையில். போன வருடம் மையத்திலிருந்து நம் வீட்டுப் பூட்டை மாற்ற ஆள் அனுப்பினார்கள் இல்லையா, அவருடைய கடைதான். நெட்டையாக, முன்னால் வளைந்து இருப்பார். தெருவில் எல்லோரும் அவரைக் கொக்கி என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கே அது தெரியும். அன்றைக்கு மூன்று மாடி ஏறி வந்ததில் முட்டி பிடித்துக்கொண்டு, வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பாப்பா, நீ மாட்டு, நான் இங்கிருந்தே சொல்றேன்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மாட்டிவிட்டேன். "இதெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்ட?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. "வாயைத் திறக்க ஒரு சாவி வெட்டணும் போல இருக்கே" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். ஆறு மாதம் கழித்து ஆள் அனுப்பி என்னை வேலைக்குக் கூப்பிட்டார்.

அம்மா கையில் கட்டுப் போட்டிருந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டவள், திரும்பப் போகவே இல்லை என்று உங்களுக்கு வருத்தம் இருந்தது. இப்போது நானும் காலையில் டிபன் டப்பாவோடு கிளம்புகிறேன். நகத்துக்குள் பித்தளைத் தூள். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்க்கவும் மனசு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் வேலை முடிந்ததும் கையை மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள், தோல் உரியும்.

உங்கள்
வாயாடி

(நீங்கள் வைத்த பெயர்தான். இன்னும் பொருந்தவில்லை.)

•

பிப்ரவரி 17

என் செல்ல வாயாடிக்கு,

உன் கடிதத்தை அறையில் இருக்கும் இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். ஒருவர் குறட்டைக்காரர், பாதியில் தூங்கிவிட்டார். இன்னொருவர், "பூட்டு வேலையா, பொம்பளைப் பிள்ளையா?" என்றார். "என் பொண்ணுய்யா" என்றேன். சின்ன வயதிலிருந்தே உனக்குக் கைவேலை. அது என் பக்கத்து ரத்தம். உன் அம்மாவிடம் சொல்லாதே, சண்டைக்கு வருவாள்.

இங்கே ஒரு பெரிய விடுதிக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். நூற்றிருபது அறை, எல்லாம் ஒரே வெள்ளை. அதை வெள்ளை என்று சொன்னால் மேஸ்திரிக்குக் கோபம் வருகிறது, முட்டை ஓட்டு நிறமாம். நான் பார்த்த முட்டை எல்லாம் வேறு மாதிரி இருக்கிறது.

சனிக்கிழமை தவறாமல் கூட்டத்துக்குப் போகிறேன். போகாவிட்டால் கோர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிடுவார்கள். பன்னிரண்டு ஆண்கள், பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் மாதிரி ஒரு டீ. எல்லாரும் வீட்டில் கை நீட்டியவர்கள் என்றுதான் வந்திருக்கிறோம். ஆனால் யாரைக் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவன்தான் மோசம் என்பான். நடத்துகிறவர் முன்னாள் பஸ் கண்டக்டர். பேச்சு தடம் மாறினால் விசில் அடிக்கிறார். நிஜமாகவே விசில்! போன வாரம் என்னைப் பார்த்து, "நீங்க கத்துறப்ப உங்க பிள்ளை எங்க இருந்துச்சு?" என்றார். "வீட்லதான்" என்றேன். "வீட்ல எங்க?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் யோசித்துக்கொண்டு வரச் சொன்னார். இது என்ன கேள்வி? உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது, சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

நன்றாகச் சாப்பிடு.

உன்
அப்பா

•

மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. முதலாளி எனக்கென்று தனியாக ஒரு கருவிப் பை வாங்கிக் கொடுத்திருக்கிறார். நீல நிறம், ஆறு பாக்கெட். தோளில் மாட்டினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறேன். "ஏய், சின்னக் கொக்கி!" என்று டீக்கடையில் ஒருவர் கூப்பிட்டார். முதலாளி கடைக்குள்ளிருந்து, "அந்தப் பேருக்கு இருபது வருஷம் உழைச்சிருக்கேன், சும்மா தூக்கிக் குடுத்துடாதீங்கய்யா" என்று கத்தினார்.

மையத்து வேலை எல்லாம் இப்போது என்னிடம்தான். ஒரு வீட்டில் பூட்டு மாற்றவேண்டும் என்றால் மையத்து அக்காவோடு நான் போகிறேன். அந்த வீடுகளில் ஆண் ஒருவர் வந்து கதவைத் தட்டினாலே சிலர் நடுங்குகிறார்கள். நான் போனால் நடுங்குவதில்லை. நான் பேசாமல் வேலை செய்வேன். அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். பள்ளியில் நான் பேசாதது குறை. இங்கே அதுவே பெரிய உதவி என்று அக்கா சொல்கிறார்.

முதல் வேலை பூட்டு இல்லை அப்பா. கதவுச் சட்டத்தில் தாழ் போய் நுழையும் இடத்தில் ஒரு தகடு இருக்கும். அதை எல்லா வீட்டிலும் நகத்தளவு ஸ்க்ரூ போட்டுத்தான் முடுக்கியிருப்பார்கள். எவ்வளவு நல்ல பூட்டு இருந்தாலும் ஓர் உதை போதும், தகடு பெயர்ந்து வந்துவிடும். நான் அதைக் கழற்றிவிட்டு என் நடுவிரல் நீளத்துக்கு ஸ்க்ரூ போடுகிறேன். அது சட்டத்தைத் தாண்டிச் சுவருக்குள் போய்ப் பிடிக்கும். போன வாரம் நாலாவது மாடியில் ஓர் அக்காவுக்குப் போட்டேன். வீட்டில் துணி தேய்த்துக் கொடுக்கிறவர், ஒரு பெண் குழந்தை இருக்கிறது. முடித்ததும், "ஆட்டிப் பாருங்க" என்றேன். அவர் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. மறுபடி உலுக்கினார். அப்புறம் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்தக் கட்டடத்துக்காரர்களையும் அக்கா ஒருநாள் உட்கார வைத்துப் பேசினார். நாலாவது மாடியில் சத்தம் கேட்டால் யாரும் சண்டைக்குப் போகவேண்டாம், காதில் விழாத மாதிரி உள்ளேயே இருக்கவும் வேண்டாம், ஆளுக்கொரு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நிற்கவேண்டும், அவ்வளவுதான் என்றார். "நின்னா போதுமா?" என்று மூன்றாவது மாடித் தாத்தா கேட்டார். "போதும் ஐயா, ஆனா அந்த ஆள் போற வரைக்கும் நிக்கணும்" என்றார் அக்கா.

இன்னொரு ரகசியம். மையம் அனுப்பும் வீடுகளுக்கு நான் வெட்டும் சாவிகளில், தலைப்பகுதியின் அடியில் ஊசிமுனை அளவுக்கு இரண்டு புள்ளி அடிப்போம். இந்தப் பக்கத்தில் சாவி வெட்டும் கடை எங்களுடையது ஒன்றுதான். அந்தப் புள்ளி உள்ள சாவியை வேறு யார் கொண்டுவந்து இன்னொன்று வெட்டித் தரச் சொன்னாலும், "வெட்டாத சாவி தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு மையத்துக்குப் போன் செய்யவேண்டும். இந்த ஒரு வரியை முதலாளி என்னைப் பத்து தடவை சொல்லச் சொன்னார். பத்தாவது தடவைதான் அவர் காதில் விழுந்தது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு ஞாபகப்படுத்திக்கொண்டு எழுதுகிறேன்.

உங்கள்
வாயாடி

•

மார்ச் 16

என் செல்ல வாயாடிக்கு,

உன்னை நினைத்தால் இரண்டு கோட் பெயிண்ட் அடித்த சுவர் மாதிரி எனக்குள் பளபளவென்று இருக்கிறது. நிஜம்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். நான் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்ற கோர்ட் உத்தரவு ஜூன் பத்தாம் தேதியோடு முடிகிறது. ஒரு வருடம். எண்ணிப் பார்த்தால் எனக்கே நம்பமுடியவில்லை. நான் இப்போது குடிப்பதில்லை. கூட்டத்துக்கு ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. என் சட்டையை நானே துவைக்கிறேன், சமையலும் வந்துவிட்டது, குறட்டைக்காரரைக் கேட்டுப்பார்.

ஜூன் பதினொன்றாம் தேதி காலையில் நான் அங்கே வந்துவிடுவேன். உன் அம்மா வேலை முடிந்து வரும்போது வீட்டைத் துடைத்து, சோறு வடித்து, டீ போட்டு வைத்திருப்பேன். அவள் கதவைத் திறந்தால் நான் உள்ளே! முகம் எப்படி மாறும் என்று பார்க்கவேண்டும். வாசல் மணியை அடித்துவிட்டு வெளியே நின்றால் அவள் யோசிப்பாள். அவள் யோசிக்க ஆரம்பித்தால் எதுவும் நடக்காது, உனக்கே தெரியும். அதனால் எனக்கு ஒரு சாவி வேண்டும். வெட்டுகிறவள் நீதானே. யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. கடிதத்தோடு ஓர் அட்டையில் ஒட்டி அனுப்பு. உத்தரவு முடிகிற வரை தொடக்கூட மாட்டேன். அவள் எத்தனை மணிக்கு வருவாள் என்பதையும் எழுது.

நாம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று. உனக்கு அந்த ஆசை இல்லையா?

உன்
அப்பா

•

மார்ச் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆசை இருக்கிறது.

நேற்று முதலாளி வெளியே போனபோது என் சாவியைப் பார்த்து ஒன்று வெட்டிவிட்டேன். ஓரத்தை அரத்தால் நன்றாகத் தேய்த்திருக்கிறேன், கையில் குத்தாது. இப்போது என் பவுடர் டப்பாவில் இருக்கிறது. அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

மணி எழுதவில்லை. அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள்
வாயாடி

•

ஏப்ரல் 8

என் தங்கமே,

இரண்டு வரி எழுதினாலும் என் மகள் மகள்தான். எனக்குத் தெரியும், நீ என்னைக் கைவிட மாட்டாய். வரும்போது ஒரு டப்பா பச்சைப் பெயிண்ட் கொண்டுவருகிறேன். நம் கதவுக்கு நான் அடித்த அதே பச்சை. பழைய பூட்டை எடுத்த இடத்தில் மரம் வெளியே தெரியுமே, மறைத்துவிடலாம்.

அம்மாவிடம் மூச்சு விடாதே. சாவிக்குக் காத்திருக்கிறேன்.

உன்
அப்பா

•

ஏப்ரல் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தோடு சாவி இல்லை. உறையை உதறித் தேடவேண்டாம். ஏன் இல்லை என்று முழுதாக எழுதுகிறேன். கோபம் வந்தாலும் கடைசி வரை படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் வந்தார். கையில் கேக் டப்பா. "என்னம்மா, கடைக்கு நீதான் ஓனரா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு சாவியை நீட்டினார். "இதுல ஒண்ணு வெட்டிக் குடு. எங்க பாப்பா தொலைச்சுக்கிட்டே இருக்கா. இன்னைக்கு வீட்ல எல்லாருக்கும் ஒரு சர்ப்ரைஸ்."

சாவியை மெஷினில் பிடிக்கும்போது விரலில் தட்டியது. இரண்டு புள்ளி. நாலாவது மாடி அக்காவுடையது. வந்தவர் அவருடைய புருஷன். குழந்தையை வாரம் ஒரு தடவை இவரிடம் விடுகிறார்கள். அதன் பையிலிருந்து எடுத்திருக்கிறார்.

"வெட்டாத சாவி தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க." பத்து தடவை சொல்லிப் பழகினேன் இல்லையா? வாய் வரவில்லை அப்பா. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பின்னால் சுவர் முழுக்க வெட்டாத சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பொய் அந்தக் கடையில் நிற்காது என்றுகூடத் தோன்றியது. அதனால் கை செய்தது. வெட்டினேன். இரண்டு பல்லை மட்டும் முடி அளவு ஆழம் குறைத்து வெட்டினேன். பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாது. பார்த்தால் யாருக்கும் தெரியாது. "நல்ல கைம்மா உனக்கு" என்று சொல்லிவிட்டு, இரண்டு சாவியையும் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு சாவியையும்! அசலையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். தப்பாக வெட்டுவதில் காட்டிய கவனம் இதில் இல்லை. நகல் திரும்பாவிட்டால் அவர் அசலைப் போடப் போகிறார்.

போனை எடுத்தேன். கடைப் போனை நான் எடுத்ததே இல்லை, அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கும். மையத்து அக்கா குரல் வந்தது. "நாலாவது மாடி. சாவி. அவர். இப்ப போறார்" என்றேன். அந்த அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சரிம்மா, வை" என்றார்.

பையைத் தூக்கிக்கொண்டு கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். மீதியை நான் பாதி பார்த்தேன், பாதி கேட்டேன். மையத்து அக்கா போன் செய்ததும் நாலாவது மாடி அக்கா உள்ளே சங்கிலியை மாட்டிவிட்டார். கேக் டப்பாக்காரர் முதலில் போட்டது நகலைத்தான், புதுச் சாவி பளபளவென்று இருந்தது போல. திரும்பவில்லை. ஆட்டினார், முறுக்கினார். அந்தச் சத்தத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போனபோது மூன்றாவது மாடித் தாத்தா முகத்தில் பாதி சோப்பு நுரையோடு நிற்கிறார். இரண்டாவது மாடியில் ஒருவர் கையில் கரண்டி. மேல் மாடியில் இரண்டு பேர் கைப்பிடியைப் பிடித்தபடி எட்டி நிற்கிறார்கள். அவர் அசல் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அதை உள்ளே போடவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "என் வீட்டுக்கு நான் வந்தா உங்களுக்கு என்ன?" என்றார். தாத்தா, "ஒண்ணும் இல்ல தம்பி, சும்மா நிக்கிறோம்" என்றார்.

அவர் இறங்கிப் போய்விட்டார். மையம் சொல்லி வந்த போலீஸ் வாசலில் பிடித்துக்கொண்டது. கேக் டப்பா படியிலேயே கிடந்தது. எறும்புதான் சாப்பிட்டது.

நான் அங்கேயே உட்கார்ந்து பூட்டின் உள்பகுதியை மாற்றினேன். ஒரு ஸ்க்ரூ இரண்டு தடவை கீழே விழுந்தது. நாலாவது மாடி அக்கா அதை எடுத்து எடுத்துக் கொடுத்தார். முதலாளி வந்ததும் அசலைக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நான்கூட வெட்டிட்டு ரெண்டையும் குடுத்திருப்பேன், அது கைப்பழக்கம்" என்றார். அப்புறம் போன் இருக்கும் மேசையைத் துடைத்துவிட்டு, "இனிமே போன் உன் பக்கத்துலதான் இருக்கும்" என்றார்.

அவர் கெட்டவர் மாதிரி இல்லை அப்பா. அதுதான் என்னை விடவே இல்லை. சிரித்த முகம். கேக். சர்ப்ரைஸ். உங்கள் கடிதத்தில் டீ போட்டு வைக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள்.

வீட்டுக்கு வந்து பவுடர் டப்பாவிலிருந்த சாவியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதில் புள்ளி இல்லை. என் சாவியில் இல்லை, அம்மா சாவியிலும் இல்லை. ஊரில் எல்லா வீட்டுக்கும் புள்ளி அடித்தவள் நம் வீட்டுக்கு மட்டும் அடிக்கவில்லை. நாம் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை என்று எனக்குள் ஒரு நினைப்பு.

அந்தச் சாவியின் பல் எல்லாவற்றையும் அரத்தால் ராவித் தட்டையாக்கினேன். அதை அம்மாவிடம் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "நீ வெட்டிக் குடுத்திருந்தா, உள்ள ஆள் இருக்குன்னு எனக்கு எப்படிம்மா தெரிஞ்சிருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த நாள் எங்கள் இரண்டு சாவியிலும் புள்ளி அடித்தேன்.

இப்போது, விசில்காரர் கேட்ட கேள்வி. நான் எங்கே இருந்தேன் என்று.

நான் தரையில் ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்தேன்.

அம்மா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். நீங்கள் உதைப்பீர்கள். தாழ்ப்பாள் பெயர்ந்து ஸ்க்ரூ தெறித்து ஓடும். ஒன்று அடுப்புக்கு அடியில் இருக்கும், ஒன்று செருப்புக்குள் இருக்கும். நான் குனிந்து பொறுக்கிக்கொண்டே இருப்பேன். அடுத்த தடவைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் இல்லையா? ஓட்டை பெரிதாகி ஸ்க்ரூ பிடிக்காமல் போனால், தீக்குச்சியை ஒடித்து உள்ளே வைத்து முடுக்குவேன். நாலு தடவை மாட்டியிருக்கிறேன். மூன்றாவது தடவை மாட்டியதை நீங்கள் பார்த்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "என் பொண்ணு கைவேலையைப் பாருங்க சார்" என்று காட்டினீர்கள். எனக்குப் பதினோரு வயது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது அப்பா.

யார்கிட்ட கத்துக்கிட்ட என்று முதலாளி கேட்டதற்கு ஏன் பதில் சொல்லவில்லை என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனாலும் அம்மா இன்றுவரை குளிக்கப் போனால் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கும் மூச்சு வரும்.

உத்தரவு முடிந்தாலும் நான் சாவி தர மாட்டேன். கதவைத் திறப்பதா இல்லையா என்பது அம்மா இஷ்டம். அவள் யோசிக்கட்டும். அவள் யோசித்தால் எதுவும் நடக்காது என்று நீங்கள் எழுதினீர்கள். நடக்காவிட்டால் நடக்கவேண்டாம்.

உங்கள் மேல் எனக்குப் பாசம் இருக்கிறது. சாவி இல்லை.

உங்கள்
மகள்

•

ஏப்ரல் 29

மகளுக்கு,

படித்தேன். எவனோ ஒருவனையும் என்னையும் ஒரே தராசில் வைத்துவிட்டாய். போலீஸ் பிடித்துக்கொண்டு போனவனையும் பெற்ற அப்பாவையும். இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். நன்றாக இருங்கள்.

அப்பா

•

மே 21

அன்புள்ள அப்பாவுக்கு,

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கடிதத்தில் இருந்தது எல்லாம் என் கையெழுத்து மட்டும் இல்லை, என் யோசனையும்தான். முதல் தடவையாக அவ்வளவு நீளமாக யோசித்தேன். அதை வேறு யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

மூன்று வாரம் மையத்து அக்காவிடம் கடிதம் வந்ததா என்று கேட்டுக் கேட்டு, இப்போது நிறுத்திவிட்டேன். அவரே இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை சமூகக் கூடத்தில் ஒரு கூட்டம். ஒரு பழைய கதவைச் சட்டத்தோடு நிற்க வைத்து, நீள ஸ்க்ரூ எப்படிப் போடுவது என்று நான் செய்து காட்டவேண்டும். ஐம்பது பேர் இருந்தார்கள். ஆண்களும் வந்திருந்தார்கள். முதலாளி பக்கத்தில் நின்று பேசுவார், நான் செய்வேன் என்று ஏற்பாடு. அவர் ஆரம்பித்துவிட்டு, "தொண்டை கட்டிக்கிச்சு, மீதியை இவ சொல்லுவா" என்று உட்கார்ந்துவிட்டார். பொய். உட்கார்ந்த நிமிஷமே பக்கத்து ஆளோடு ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கு வேறு வழி இல்லை. மூன்று வாக்கியம் பேசினேன். நாலாவது மாடி அக்கா முன் வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கை தட்டினார்.

உங்களுக்குத் தெரியவேண்டும் என்று தோன்றியது. பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள்
வாயாடி

•

ஜூன் 12

என் செல்ல மகளுக்கு,

நேற்று ஜூன் பதினொன்று. நான் வரவில்லை. கவனித்திருப்பாய்.

முழுதாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் பஸ் நிலையம் வரை போனேன். டிக்கெட்டும் எடுத்தேன். சட்டைப் பையில் நம் வீட்டுப் பழைய சாவி இருந்தது. அது இனி எதையும் திறக்காது என்று தெரியும். ஆனாலும் ஒரு வருடமாக அதைத்தான் பிடித்துக்கொண்டு தூங்கினேன். பஸ் வந்தது. உன் அம்மா வாசலில் வந்து நிற்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியம் வரவே இல்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. வேறொன்றுதான் வந்தது. எனக்குப் பழக்கமான முகம் அது. பஸ்ஸை விட்டுவிட்டேன்.

உன் ஏப்ரல் கடிதத்தை முதலில் கிழித்துப் போட்டேன். குறட்டைக்காரர் பொறுக்கி ஒட்டி வைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் சொன்னேன், என் பிள்ளை தரையில் ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்தது என்று. தீக்குச்சியையும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியதையும் சொன்னேன்.

போன வாரம் விசில்காரர், பிள்ளைகளைப் பற்றிப் பெருமையாக ஆளுக்கு ஒன்று சொல்லச் சொன்னார். ஒருவர் மகன் வங்கியில் வேலை என்றார். இன்னொருவர் மகள் ஓட்டப் பந்தயத்தில் முதல் பரிசு என்றார். என் முறை வந்தது. "என் பொண்ணுகிட்ட வீட்டுச் சாவி கேட்டேன். தரமாட்டேன்னு எழுதிட்டா" என்றேன். ஒருவர் சிரித்தார். விசில்காரர் சிரிக்கவில்லை. "கேக்கலை, உரக்கச் சொல்லுங்க" என்றார். எழுந்து நின்று சொன்னேன். எனக்கு அப்படி ஒரு பெருமை. நீ ஐம்பது பேர் முன்னால் பேசியது அப்பாவைப் போல என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இல்லை. நான்தான் உன்னைப் போல எழுந்து நின்றேன்.

திருந்திவிட்டேன் என்று எழுத மாட்டேன். அதை நான் சொல்லக்கூடாது. உத்தரவு முடிந்தாலும் சனிக்கிழமை கூட்டத்துக்குப் போகிறேன். உன் அம்மா கூப்பிடாமல் அந்தத் தெருவில் கால் வைக்க மாட்டேன். கூப்பிடவே இல்லை என்றாலும் சரி. அவள் யோசிக்கட்டும்.

பழைய சாவியை அட்டையில் ஒட்டியிருக்கிறேன். எண்ணி ஒன்றுதான், வேறு நகல் இல்லை.

உன்
அப்பா

•

ஜூன் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

சாவி வந்து சேர்ந்தது. தலைப்பகுதியில் உங்கள் கட்டைவிரல் தேய்த்து வழவழவென்று ஆகியிருந்தது. கடையில் வெட்டுத் துண்டுகளைப் போட்டு வைக்க ஒரு தகர டப்பா இருக்கிறது, நிறைந்ததும் உருக்குகிறவர் வந்து எடுத்துப் போவார். அதில் நானே போட்டேன். முதலாளி பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் இருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்துப் படித்தாள். "பஸ்ஸை விட்டுட்டாரா?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். "ம்" என்றாள். உங்களைக் கூப்பிடவில்லை. நான் கேட்கவும் இல்லை. இதில் ஒளித்து வைத்து எதையும் எழுதவில்லை, நீங்களும் தேடவேண்டாம்.

எனக்கு நீங்கள் எழுதுங்கள். அந்த விடுதியின் நூற்றிருபது அறையும் முடிந்ததா? முட்டை நிறம் பழகிவிட்டதா?

அடுத்து எழுதப்போவதை எழுதலாமா என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுது" என்றாள்.

நேற்று விடுமுறை. அம்மா தலைக்குக் குளிக்கப் போனாள். நான் சமையலறையில் நின்றேன். வழக்கம் போல என் காது தாழ்ப்பாள் சத்தத்துக்குக் காத்திருந்தது. வரவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம்தான் வந்தது. எட்டிப் பார்த்தேன், கதவு இரண்டு விரல் அளவுக்குத் திறந்தே இருந்தது. நான் அசையாமல் அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் பாட்டு வேறு ஆரம்பித்துவிட்டாள். அம்மாவுக்குச் சுருதியே சேராது, உங்களுக்குத் தெரியும். முழுப் பாட்டையும் பாடினாள்.

உங்கள்
வாயாடி